வன்னியில் ஷொட்கன் மைக்: கையாண்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

ஷொட்கன் மைக் (முன்னால் வரும் சத்தத்தை மட்டும் பிடிக்கப் பார்க்கும் நீளக் குழாய் மைக்) வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்டுத் தம்பிமார் அடிக்கடி போன் எடுக்கிறார்கள். கலியாண வீடியோ எடுப்பவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், ஊர்க் கதைகளைப் பதிய நினைப்பவர்கள் என்று பலவிதம். நான் செய்வது வயதானவர்களிடம் பழைய பாட்டும் கதையும் பதியும் வேலை. அரிவிவெட்டுப் பாட்டு, சூடு மிதிக்கும்போது (நெற்கதிரை மிதித்து நெல் பிரிக்கும்போது) பாடியது, தாலாட்டு, ஒப்பாரி. அந்த வேலையில் கண்டதை எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மைக் தூரத்துச் சத்தத்தை இழுத்துக் கிட்டக் கொண்டுவரும் என்று நம்புகிறார்கள். அது எதையும் இழுக்காது. பக்கத்தால் வரும் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். குழாயின் பக்கவாட்டில் வரிசையாக வெட்டுகள் இருக்கும். நேர் முன்னால் வரும் ஒலி குழாய்க்குள்ளால் சீராகப் போய் உள்ளே ஒலியைப் பிடிக்கும் பகுதியான கப்சூலை அடையும். பக்கத்தால் வரும் ஒலி ஒவ்வொரு வெட்டுக்குள்ளாலும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேருவதால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இது நடக்க வேண்டுமானால் ஒலியலையின் நீளம் குழாயின் நீளத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். பலரும் பெயர் சொல்லும் சென்ஹைசர் எம்கேஎச் 416 இன் முழு நீளம் 25 சென்ரிமீற்றர், குழாய் அதைவிடக் கட்டை. முழு நீளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தாலே 1400 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் குழாய் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே அது சாதாரண சூப்பர்கார்டியொயிட் மைக் (முன்பக்கத்தைக் கூடுதலாகவும் பின்பக்கத்தைக் கொஞ்சமாகவும் கேட்கும் வகை) போலத்தான். கமராவுக்கு மேலே பூட்டும் கட்டை மைக்கில் குழாய் 10 சென்ரிமீற்றர் என்றால் அந்த எல்லை 3500 ஹேர்ட்ஸ் பக்கத்துக்குப் போய்விடும்.

எங்கள் பக்கம் இடைஞ்சல் தருபவை எல்லாம் அடித்தொனிச் சத்தங்கள். வயலுக்குள் லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), ஏ9 இல் பார லொறி, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர், கோயில் திருவிழா ஜெனறேற்றர். இவற்றைக் குழாய் தடுக்காது. எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் தடுக்காது. கிட்டப் போவதுதான் வழி. அரை மீற்றரிலிருந்து ஒரு மீற்றருக்கு விலகினால் குரல் 6 டெசிபெல் குறையும், இரண்டு மீற்றருக்கு விலகினால் 12. ஆனால் லாண்ட்மாஸ்ரர் சத்தம் அப்படியே இருக்கும். அதனால் விலைகூடிய ஷொட்கனை இரண்டு மீற்றரில் வைத்துப் பதிவதை விட, ஒரு சின்னக் கொலர் மைக்கைச் சட்டையில் குத்திவிட்டால் குரல் தெளிவாக வரும். மைக் தெரிவு செய்ய முதல் இதை யோசியுங்கள்: பேசுபவருக்கு அரை மீற்றர் கிட்ட என்னால் மைக்கைக் கொண்டுபோக முடியுமா? முடியாதென்றால் ஷொட்கன் வாங்கிப் பயனில்லை.

இன்னொரு விடயம். இது எங்கள் மண்ணுக்கு முக்கியம். கறுப்பாக, நீளமாக ஒன்றை ஒருவரின் முகத்துக்கு நேரே நீட்டுவதை இங்கே எல்லோராலும் தாங்க முடியாது. 2009 இல் முடிந்த போரைக் கடந்து வந்த சனங்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு ஆச்சி, "தம்பி, உதை எனக்கு நேர பிடிக்காத. வேற மாதிரி வை" என்றார். அதற்குப் பிறகு அவர் பாடிய தாலாட்டு, மைக்கைத் தலைக்கு மேலே தடியில் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பதிந்தது. இப்போது எங்கே போனாலும் பெட்டியைத் திறந்து மைக்கை முதலில் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஹெட்போனைப் போட்டு அவர்களின் குரலையே கேட்க வைப்பேன். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று தாங்களும் கேட்க வேண்டும் என்பார்கள். சரி, ஒரு பத்து நிமிடம் போகட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வரும் குரல் வேறு.

மேலிருந்து கீழ்நோக்கிப் பிடிப்பதில் ஒலிக்கும் நன்மை இருக்கிறது. மைக் எங்கே பார்க்கிறதோ அதன் பின்னணியும் சேர்ந்தே வரும். நேராகப் பிடித்தால் பேசுபவருக்குப் பின்னால் இருக்கும் றோட்டு வரும். கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்தால் பனையில் கட்டிய ஸ்பீக்கரும் காகமும் வரும். மேலிருந்து பிடித்தால் பின்னணி வெறும் மண். வாய்க்கு நேரே இல்லாமல் நெஞ்சுக்குழியைப் பார்க்கச் சாய்த்தால் குரல் நிறைவாக இருக்கும்.

மைக்கின் நேர் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஜெனறேற்றருக்கு முதுகு காட்டிப் பிடிப்பது சரிவராது. அது பக்கவாட்டில், சற்றுப் பின்சரிவாக இருக்கும்படி நின்றால்தான் மிகக் குறைவாக விழும். ஹெட்போனைப் போட்டபடி மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், அந்த இடம் காதுக்கே பிடிபடும்.

முல்லைத்தீவிலிருந்து:

கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றுத்தான் முதல் எதிரி. அண்ணை அதை விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு உறை வீட்டுக்குள் மூச்சுக்காற்றுக்கு மட்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த உறையோடு வெட்டைக்குப் போனால் பதிவு முழுக்கக் குமுறல்தான். மைக்கைச் சுற்றிக் காற்று அசையாத இடைவெளி விட்டு ஒரு கூடு, அதன் மேலே நீள மயிர் உள்ள உறை, இரண்டும் சேர்ந்தால்தான் தாங்கும். கடைக் கூடு வாங்க முடியாதவர்களுக்கு: பிளாஸ்ரிக் வலைக் குழாயில் கூடு செய்து, மயிர்த் துணியைத் தையற்கடையில் கொடுத்துத் தைக்கலாம். துணியின் அடிப்பக்கத்தை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு லேசாகப் போக வேண்டும். போகாத துணி ஒலியையும் மூடிவிடும். அதோடு ரெக்கோடரில் 80 ஹேர்ட்ஸ் லோகட்டை (அதற்குக் கீழுள்ள அடித்தொனியைக் குறைக்கும் வசதி) போட்டால் மிச்சக் குமுறலும் அடங்கும்.

கூத்துப் பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விடிய விடியக் கூத்து ஆடுவார்கள். அதற்கு ஷொட்கனைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்பது என் முடிவு. ஆடுபவர் சுழன்று சுழன்று பாடுவார். முகம் திரும்பும் ஒவ்வொரு முறையும் குரல் மங்கும். கூத்தை நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஒரு பக்கம், மத்தளம் ஒரு பக்கம். பக்கத்தால் விழும் மத்தளம் குழாய்க்குள் நிறம் மாறித் தகரம் தட்டுவது போல வரும். கூத்து ஆடும் களரிக்குக் கிட்ட, கொஞ்சம் உயரத்தில், முன்பக்கத்தை அகலமாகக் கேட்கும் இரண்டு சாதாரண கார்டியொயிட் மைக்குகளை வைத்து ஸ்ரீரியோவாக எடுத்தால் கூத்து கூத்தாகவே இருக்கும். அண்ணாவியாரைப் பகலில் தனியாக இருத்திப் பாடவைக்கும்போது ஷொட்கனை எடுங்கள்.

வவுனியாவிலிருந்து, கலியாண வீடியோ வேலை:

எங்கள் வேலையில் பாதி வீட்டுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும். வீட்டுத்திட்ட வீடுகளைப் பாருங்கள். வெறும் சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம், ஒரு திரைச்சீலை கூட இருக்காது. ஷொட்கன் இந்த அறைகளுக்குள் கெட்டித்தனம் காட்டாது. சுவரில் பட்டுத் திரும்பும் குரல் பக்கத்தால் குழாய்க்குள் போய், நேர்க் குரலோடு சேர்ந்து உள்ளுக்குக் குடைந்தது போல ஒரு சத்தம் தரும். அதைப் பிறகு கணினியில் திருத்த முடியாது. அறைக்குள் எடுக்கவே வேண்டுமென்றால் குழாய் இல்லாத, முன்பக்கத்தை ஒடுக்கமாகக் கேட்கும் சின்ன ஹைப்பர்கார்டியொயிட் மைக், அல்லது கொலர் மைக். பாயையும் மெத்தையையும் சுவரில் சாய்த்து வையுங்கள். இன்னும் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு குசினி மிச்சம் இருக்கிற வீடென்றால் அங்கேயே போய் இருங்கள். அந்தக் கூரை எதிரொலியை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், காசு கொடுத்துக் கட்டிய ஸ்ரூடியோவில் கூடச் சில நேரம் அந்தத் தெளிவு வராது.

புதிதாக வாங்குபவர்கள் வயரின் செருகும் பின்னையும் மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தையும் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்எல்ஆர் வயரில் (மூன்று முள் உள்ள தடித்த மைக் வயர்) வேலை செய்யும் நல்ல ஷொட்கன்களுக்கு 48 வோல்ற் பாண்டம் பவர், அதாவது அந்த வயர் வழியாகவே வரும் மின்சாரம், வேண்டும். ரெக்கோடர் அதைக் கொடுக்கும், ஆனால் அதன் பற்றரி வேகமாக இறங்கும். ரோட் என்டிஜி2, சென்ஹைசர் எம்கேஈ 600 போன்றவை ஒரு டபிள்ஏ பற்றரியிலும் ஓடும். நாள் முழுக்க உள்ளூருக்குள் நிற்பவர்களுக்கு அது பெரிய உதவி. கமராவுக்கு வரும் 3.5 மில்லிமீற்றர் பின்னில் இரண்டு கறுப்பு வளையம், போனுக்கானதில் மூன்று. கமரா மைக்கை அப்படியே போனில் குத்தினால் பல போன்கள் கண்டுகொள்ளாது, தன் சொந்த மைக்கிலேயே பதிந்துவிடும். மாற்றி வயர் ஒன்று பையில் இருக்கட்டும்.

நெடுங்கேணியிலிருந்து:

நான் பதிவது பறவைகளை. மேலே சொன்னவற்றுக்கு மறுபக்கமும் இருக்கிறது. காட்டுக்குள் தொல்லை தருவது சில்வண்டு. அது மேல்தொனி. அதைக் குழாய் நன்றாகவே வெட்டும். பாலைமரத்தில் இருக்கும் ஒரு குருவியை நேரே பிடித்தால் சுற்றியுள்ள இரைச்சல் குறைந்து அது தெளிந்து வரும். ஆனால் ஆட்காட்டி தூரத்துக் குளக்கட்டில் நின்று கத்துவதைக் கிட்டக் கொண்டுவர வேண்டுமென்றால் தட்டு வடிவப் பரபோலிக் கருவிதான். அதுதான் உண்மையில் ஒலியைச் சேர்த்துக் குவிப்பது. மெல்லிய சத்தங்களுக்கு மைக்கின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள். 416 க்கு 13 டெசிபெல். 20ஐத் தாண்டிய மைக்கில் விடியற்காலைக் காடு முழுக்க ஒரு சீறல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு கேள்வி: மாரியில் மைக் படபடவென்று வெடிக்கிறது. யாருக்காவது வழி தெரியுமா?

கிளிநொச்சியிலிருந்து:

ஈரம்தான் காரணம். சாதாரண கண்டன்சர் கப்சூலில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து அந்தச் சத்தம் வரும். 416, ரோட் என்டிஜி3 போன்றவை ரேடியோ அலைவரிசை முறையில் இயங்குகின்றன. அதனால் ஈரத்தை நன்றாகத் தாங்கும். நவம்பர், டிசம்பரில் வெளியில் வேலை செய்பவர்கள் விலை கூடினாலும் அந்த வகையை வாங்குவது நல்லது. உங்களிடம் இருப்பதைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு ஒரு இரவு வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். வெயிலில் காயப்போட வேண்டாம், கப்சூலின் படலம் மெல்லியது. ஏசி வானிலிருந்து இறங்கியவுடனும் மைக்கை எடுக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் உடனே வியர்க்கும். பெட்டியை மூடியபடியே வெளியில் அரை மணித்தியாலம் வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.