காசு செலவில்லாம வீடு தேடறது: ஷெரிஃப் ஏலமா, தெருத்தெருவா அலையறதா?

டர்பன்_முருகு: தென்னாப்பிரிக்கால, டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த் இல்ல ஃபீனிக்ஸ்ல, வாங்கி வாடகைக்கு விட ஒரு வீடு தேடுறேன், விளம்பரம் போட கையில காசு இல்ல. கோர்ட் அதிகாரி நடத்தற ஷெரிஃப் ஏலம்தான் பெஸ்ட்னு நெனக்கிறேன், லோன் கட்டாத வீடுங்க, அறிவிப்பு கவர்மென்ட் கெசட்ல ஃப்ரீயாவே வருது. என்ன சொல்றீங்க?

க்ராஃப்டீன்_அக்கா: அறிவிப்பு ஃப்ரீ தம்பி, மத்தது இல்ல. சுத்தியல் விழுந்ததும் 10% கட்டணும், ஷெரிஃப் கமிஷன் தனி, பெரும்பாலும் உள்ள போய் பாக்கவும் முடியாது. உள்ள குடும்பம் இருந்தா கெளப்ப 1998 சட்டப்படி கோர்ட் ஆர்டர் வேணும், அது முடியறவரைக்கும் உனக்கு வாடகையும் கெடையாது. அடிமாட்டு வெலையும் இனி கஷ்டம், 2017 கடைசில வந்த கோர்ட் விதி, ரூல் 46ஏ, குடியிருக்கற வீட்டுக்கு ரிசர்வ் வெல, அதாவது இதுக்கு கீழ விக்கக்கூடாதுன்னு ஒரு வெல, வைக்கறதப் பத்தி கோர்ட் பாக்கணும்னு சொல்லுது.

டர்பன்_முருகு: ரேட்ஸ் பாக்கி, அதான் முனிசிபாலிட்டி வரி பாக்கி, அந்த பயம் இல்லையே! பழைய ஓனர் கடன் புது ஓனர் தலையில வராதுன்னு கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட்டே 2017ல சொல்லியாச்சு.

க்ராஃப்டீன்_அக்கா: அது பேர் மாறின பெறகுப்பா. பேர் மாறவே பாக்கி இல்லன்னு முனிசிபாலிட்டி குடுக்கற கிளியரன்ஸ் வேணும், அதுக்கு கடைசி 2 வருஷ பாக்கி கட்டணும். வீட்டுக்காரன்கிட்ட காசு இருந்தா வீடு ஏலத்துக்கே வந்திருக்காது, அப்ப யாரு கட்டறது? ஏலக் கண்டிஷன்லயே வாங்கறவன்னு எழுதிருப்பாங்க, படிச்சு பாரு.
என் வழி நடைதான். புல்லு இடுப்பளவு, போஸ்ட் பாக்ஸ் ரொம்பி வழியுது, கேட் பூட்டு துருப்புடிச்சிருக்கு, அப்டி வீட்ட பாத்தா பக்கத்து வீட்ல கேளு. பாதி கேஸ் தாத்தா பாட்டி போயிட்டாங்க, புள்ளைங்க ஜோபர்க்லயோ ஆஸ்திரேலியாவுலயோ இருக்கும்.

சில்வர்க்ளென்_வாசி: செத்தவங்க வீட்ட மோப்பம் புடிக்கறதா? பதினாறாம் நாள் காரியம்கூட முடிஞ்சிருக்காது, வெக்கமா இல்ல?

க்ராஃப்டீன்_அக்கா: துக்க வீட்டுக்கு போகச் சொல்லல, வருஷக்கணக்கா பூட்டிக் கெடக்கறத சொல்றேன். குடும்பத்துல ஒருத்தர் தலையாட்டினா போதாது, செத்தவங்க சொத்த கவனிக்கற கவர்மென்ட் ஆஃபீஸ், மாஸ்டர் ஆஃபீஸ், அது குடுத்த எக்ஸிக்யூட்டர் லெட்டர் (சொத்த நிர்வாகம் பண்ற அதிகாரம்) யார் பேர்ல இருக்கோ அவங்க கையெழுத்துதான் செல்லும். அது இல்லன்னா டீ குடிச்சிட்டு வந்துரு.

ஃபீனிக்ஸ்_பையன்: கோயில்லயும் டக் ஷாப்லயும் (தெரு பொட்டிக்கடை) சொல்லி வெச்சு, வீடு காட்டறவங்களுக்கு கமிஷன் குடுத்தா ஈஸி இல்லையா?

சில்வர்க்ளென்_வாசி: 2022 பிப்ரவரில இருந்து புது சட்டம் இருக்குப்பா. ஏஜென்ட் வேலை பாக்கறவங்க ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட், அதான் ஏஜென்ட் லைசென்ஸ் மாதிரி, அது இல்லாம கமிஷன் வாங்க முடியாது, இதுல ஆச வேணாம்.

டர்பன்_முருகு: நான் ஏலத்த விடறதா இல்ல. ரேட்ஸ் பாக்கிய முன்னாடியே விசாரிச்சு, கோர்ட் செலவையும் கழிச்சு ஒரு லிமிட் போட்டுட்டுதான் கை தூக்குவேன், அத தாண்டுச்சுன்னா நடைய கட்டிருவேன்.

க்ராஃப்டீன்_அக்கா: லிமிட் போடறதுக்கு முன்னாடி வீட்டுக்கு பின்னால மேட்டயும் பாரு, 2022 ஏப்ரல்ல டர்பன்ல பெஞ்ச பேய் மழையில எத்தன சுவர் சரிஞ்சுதுன்னு தெரியும்ல. அது வெளிய நின்னே பாக்கலாம், அதுக்கு ஷெரிஃப் சாவி வேணாம்.