அடுக்கு டாஃபடில்: ஒன்று பச்சையாகப் பூக்கிறது, இன்னொன்று மொட்டிலேயே காய்கிறது

வேலியோரம்:
வணக்கம். வர்ஜீனியாவில் ஒரு பழைய வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வேலியோரம் முழுக்க டாஃபடில் (கிழங்கிலிருந்து வரும் வசந்தகாலப் பூச்செடி), யார் எப்போது நட்டதோ. மார்ச்சில் ஒரு புதர் மஞ்சளாக அடுக்குப் பூ பூக்கிறது, ஆனால் பாதிப் பூவில் பச்சை ஏறி, கசக்கிப் போட்ட முட்டைகோஸ் இலை மாதிரி இருக்கிறது. இன்னொன்று ஏப்ரல் கடைசியில் நிறைய மொட்டு விடும், அதோடு சரி. மொட்டு காகிதம் போல உலர்ந்துவிடும், பிரித்தால் உள்ளே வெள்ளை இதழெல்லாம் பழுப்பு. நோயா? தோண்டி எறிந்துவிட்டுப் புதுக்கிழங்கு வாங்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

கிழங்குப்பித்தன்:
ஐயோ, தோண்டாதீர்கள்! மஞ்சள் அநேகமாக ‘வான் சியான்’. 1620இல் லண்டனில் வின்சென்ட் சியான் என்பவர் தோட்டத்தில் பூத்த ரகம், நானூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. பச்சை ஏறுவது அதன் சுபாவம், நோய் இல்லை. ஒரே புதர் ஒரு வருடம் சுத்தமான மஞ்சளாகப் பூக்கும், அடுத்த வருடம் நீங்கள் சொன்ன முட்டைகோஸ்தான். எனக்கு அந்தக் கோணல்தான் பிடிக்கும். உங்கள் பக்கம் வீடே இடிந்து போன பழைய பண்ணைகளில்கூட வாசல் இருந்த இடத்தில் டாஃபடில் வரிசை மட்டும் பூத்து நிற்கும், பார்த்திருப்பீர்கள்.

மழைக்காதலி:
வெள்ளை என் பழைய எதிரி :) ‘ஆல்பஸ் பிளீனஸ் ஓடோராட்டஸ்’ ஆக இருக்கும், பூத்தால் வாசனை ஆளைத் தூக்கும். டாஃபடில்களிலேயே ரொம்பத் தாமதமாக வருவது, அதனால் விரிகிற நேரத்தில் வெயில் பிடித்துக்கொள்கிறது. இதழ் அதிகம், தண்ணீரும் அதிகம் வேண்டும். மண் காய்ந்தாலோ திடீரென்று சூடு ஏறினாலோ மொட்டு கருகிவிடும். மொட்டு தலைகாட்டியதிலிருந்து வாரம் ஒரு அங்குலம் தண்ணீராவது விடுங்கள், மேலே மூடாக்கு போடுங்கள், புல்தரைக்குப் போடுகிற தழைச்சத்து உரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடந்தால், இலை மஞ்சளான பிறகு எடுத்துப் பிரித்து ஆறு அங்குல ஆழத்தில் நடுங்கள். இத்தனையும் செய்து எனக்கு ஐந்து வருடத்தில் இரண்டு வருடம்தான் பூத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டெக்சாஸ் வெயில்:
இவ்வளவு கெஞ்ச வேண்டுமா அந்தப் பூவிடம்? நான் அதை விட்டுவிட்டு ‘எர்லிச்சியர்’ போட்டேன், 1934இல் வந்த ரகம். ஒரு தண்டில் கொத்தாகக் குட்டி அடுக்குப் பூக்கள், சீக்கிரமே பூத்துவிடும், வெயில் வரும்போது அதற்கு வேலை முடிந்திருக்கும். அப்புறம் ஒன்று, தோண்டிய கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த என் அத்தை வெங்காயம் என்று நினைத்து சாம்பாருக்கு உரிக்கவே உட்கார்ந்துவிட்டார்! லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, தின்றால் வாந்திதான். மான் கடிக்காததும் அதனால்தான்.

வேலியோரம்:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளைக்கு இந்த ஏப்ரலில் குழாயை இழுத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம், மஞ்சள் பூத்து முடிந்த இரண்டாவது வாரமே இவர் புல்வெட்டியை அதன் இலை மேலேயே ஓட்டிவிடுகிறார். அதுவும் தப்போ?

மழைக்காதலி:
தப்பேதான்! அடுத்த வருடப் பூவுக்கான சத்து அந்த இலையிலிருந்துதான் கிழங்குக்கு இறங்குகிறது. ஆறு வாரமாவது, தானாக மஞ்சளாகிச் சாயும் வரை விடுங்கள். புல்வெட்டிச் சாவியை ஒளித்து வையுங்கள்.