யூக்காவின் அடித்தண்டு மெத்தென்று ஆகிறது: தண்ணீர் போதவில்லையா?

கேள்வி

வணக்கம். லண்டனில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கிறேன். சென்ற கோடையில், நெட்டையும் குட்டையுமாக இரண்டு தண்டுகள் கொண்ட யூக்காத் தொட்டி ஒன்றை வாங்கி, சன்னலிலிருந்து பத்தடி தள்ளி, கூடத்தின் மூலையில் வைத்தேன். வறட்சியைத் தாங்கும் செடி என்று கடையில் சொன்னபோதும், மனம் கேட்காமல் வாரந்தோறும் தண்ணீர் ஊற்றி வந்தேன். நவம்பர் முதல் இலைகள் மஞ்சளாகி வருகின்றன. குட்டைத் தண்டின் அடியை அழுத்தினால் விரல் உள்ளே பதிகிறது. தண்ணீரைக் கூட்ட வேண்டுமா?

பதில் 1

தயவுசெய்து கூட்டாதீர்கள், அது வேரழுகல். யூக்கா தன் தடித்த தண்டில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதால் வறட்சியைத் தாங்குகிறதே தவிர, ஈரத்தைத் தாங்குவதில்லை. டிசம்பரில் லண்டனில் பகல் ஏறக்குறைய 8 மணி நேரமே. அந்த வெளிச்சத்திலும் மூலையில் நிற்கும் செடி ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. ஆகவே நீங்கள் ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்துவிட்டது. அடிப்பக்கத்து இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாவது இயல்பு, ஆனால் தண்டு மெத்தென்று ஆவது அப்படியன்று. தொட்டியைக் கவிழ்த்து, பழுப்பேறி நாறும் வேர்களை வெட்டி நீக்குங்கள். அழுகிய தண்டு பிழைக்காது. நெட்டைத் தண்டு உறுதியாக இருந்தால், மணலோ பெர்லைட்டோ (மண்ணை இலகுவாக்கும் வெண்ணிற எரிமலைக்கல் துகள்) கலந்த புதிய மண்ணில், வேர் கொள்ளும் அளவே உள்ள தொட்டியில் நடுங்கள். செடி தலைக்கனம் மிக்கது என்பதால், அடியில் துளையுள்ள கனமான மண்தொட்டியே நல்லது.

பதில் 2

மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். நாள் கணக்கு பார்த்து நீர் ஊற்றுவதுதான் பெரும்பாலான யூக்காக்களைக் கொல்கிறது. ஒரு குச்சியைத் தொட்டியின் பாதி ஆழம்வரை செருகிப் பார்த்து, அது உலர்ந்து வந்தால் மட்டுமே ஊற்றுங்கள். குளிர்காலத்தில் அதற்கு மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகலாம். தெற்கு நோக்கிய சன்னலருகே வையுங்கள்; வசந்தம் வரை உரம் வேண்டாம். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் கவனம் தேவை, ஏனெனில் இலையிலுள்ள சாப்போனின் என்ற வேதிப்பொருள் அவற்றுக்கு நஞ்சு. (மனிதர் கதை வேறு: இதே செடியின் பூ எல் சால்வடோரின் தேசிய மலர், அங்கே அதை முட்டையுடன் சமைத்து உண்கிறார்கள்.)

கேட்டவர்

கவிழ்த்துப் பார்த்தேன். குட்டைத் தண்டில் ஒரு வேர்கூட மிஞ்சவில்லை. நெட்டைத் தண்டு கல்போல் இருக்கிறது, அதை மாற்றி நட்டுவிட்டேன். குட்டையின் மேற்பாதி இன்னும் உறுதியாக இருப்பதால் எறிய மனமில்லை.

பதில் 1

எறிய வேண்டாம். வெட்டுவாயில் பழுப்பு நிறம் சிறிதும் தெரியாத இடம்வரை அறுத்து, சில நாள் நிழலில் காயவிட்டு, சற்றே ஈரமான மணற்கலவையில் ஊன்றுங்கள். கடையில் விற்கும் யூக்காவே, நீண்ட தண்டுகளைத் துண்டுதுண்டாக அறுத்து வேர்பிடிக்க வைத்ததுதான். உங்கள் நெட்டைத் தண்டின் உச்சியில் மரம் அறுத்த தடம் தட்டையாகத் தெரியும், பாருங்கள். இலையில்லாத் துண்டையும் ஊன்றுவதானால், அறுக்கும்போதே எது மேல்முனை என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்டால் முளைக்காது.