டென்னிஸ் பால் யார்க்கர், ஸ்டிட்ச் பாலில் ஏன் ஃபுல் டாஸ் ஆகுது?

சூரமங்கலம்_சீம்:
பையனுக்கு 17 வயசு, வலது கை மீடியம் பேஸ். டென்னிஸ் பால்ல ஓவருக்கு நாலு யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடியில குத்துற பந்து) விழுது. ஸ்டிட்ச் பால் (தையல் போட்ட தோல் பந்து) கொடுத்தா தரையில குத்தாம முழங்காலுக்கு மேல ஃபுல் டாஸ், கூடவே கோட்டைத் தாண்டி நோ பால். எதை முதல்ல சரி பண்றதுங்க?

இரும்பாலை_எண்ட்:
டென்னிஸ் பாலை நிறுத்துங்க, அதான் முதல் வேலை. அது 58 கிராம் சொச்சம். காத்துலயே வேகம் செத்து, தானா கீழே இறங்கிடும். அதுக்குப் பழகின கை பந்தைக் கொஞ்சம் சீக்கிரமே விட்டுடும். ஸ்டிட்ச் பால் 156 முதல் 163 கிராம். அதே இடத்துல விட்டா இறங்காம நேரா வரும், ஃபுல் டாஸ்தான். லேசான பந்துல வேகம் எடுக்கணும்னு முழங்கையை மடக்கி மாங்கா அடிக்கிற மாதிரி எறியுற வியாதி வேற ஒட்டிக்கும். பந்து போடுறப்ப முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிர்ந்தா ஆக்‌ஷனே தப்பு.

ஓமலூர்_லெஃப்டி:
யார்க்கருக்குப் பேர் போன நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பால்லேர்ந்துதானேண்ணா வந்தாரு? டென்னிஸ் பால் எகிறும், கொஞ்சம் ஷார்ட்டா விழுந்தாலும் சிக்ஸ்தான். பேட்ஸ்மேன் காலடியைப் பார்த்துப் போடுற கண்ணே அந்த பயத்துல வர்றது. அதைப் போய் நிறுத்தச் சொல்றீங்களே.

இரும்பாலை_எண்ட்:
நடராஜனை இழுத்தா முழுசா இழுங்க தம்பி. 2015ல ரஞ்சி ஆட வந்ததுமே அவர் ஆக்‌ஷன் மேல புகார் வந்துச்சு. அதைச் சரி பண்ணிட்டுத்தான் 2020ல ஆஸ்திரேலியா வரைக்கும் போனாரு.

ஓமலூர்_லெஃப்டி:
சரி பண்ணினது ஆக்‌ஷனைத்தானே, யார்க்கரை விடலையே! இந்தப் பையனுக்கு ரிலீஸை, அதாவது பந்தைக் கையிலேர்ந்து விடுற இடத்தை மாத்தினாப் போதும். பிடியைப் பாருங்க, டென்னிஸ் பால் போடுறவங்க பந்தை உள்ளங்கையில அமுக்கிப் பிடிப்பாங்க. ஸ்டிட்ச் பால்ல சீமுக்கு (தையல் வரிக்கு) ரெண்டு பக்கமும் ஆள்காட்டி விரல், நடுவிரல், கீழே கட்டைவிரல். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். அப்புறம் பேட்ஸ்மேன் பக்கத்து பாப்பிங் கிரீஸ் (ஸ்டம்புக்கு முன்னால இருக்கிற கோடு) மேல ஒரு பழைய ஷூ. முதல் 6 பந்து முக்கால் வேகத்துல, வேணும்னே ஷூவுக்கு ஒரு கஜம் முன்னால குத்தணும். கை எவ்வளவு தாமதமா விடணும்னு அப்பதான் பிடிபடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா ஷூவை நோக்கி வரணும். 24 பந்தோட நிறுத்திடுங்க. தோள் களைச்சா கை தாழும், மறுபடி கதை முதல்லேர்ந்து.

வாழப்பாடி_லெங்த்:
ரெண்டு பேரும் பந்துக்கே சண்டை போடுறீங்க, காலை யாரும் பார்க்கல. கிரீஸ் தாண்டிடுவோமோன்னு கடைசி ரெண்டு எட்டைக் குறுக்கி வைக்கிறவனுக்கு முன்கால் முட்டி மடங்கும், தலை இடப்பக்கம் சாயும். அப்புறம் ரிலீஸ் எப்படிங்க ஒரே இடத்துல வரும்? பந்து போடுற பக்கத்து பாப்பிங் கிரீஸ்ல நின்னு, பேட்ஸ்மேனுக்கு முதுகு காட்டி எதிர்ப்பக்கமா ஓடச் சொல்லுங்க, கோட்டைப் பத்தி நினைக்கவே வேணாம். பந்து விடுற எட்டு எங்க விழுதுன்னு ஒருத்தர் சுண்ணாம்பு வைக்கணும். ஆறு தடவை ஓடினா நாலு குறி ஒரே இடத்துல கூடும். அந்த தூரத்தை டேப்புல அளந்து, ரன் அப் (பந்து போட ஓடி வர்றது) தொடங்குற மார்க் போடுங்க. நோ பால் விழுந்ததும் மார்க்கை ஒரு அடி பின்னால தள்ளுறது வெறும் ஒட்டுவேலை. பெரும்பாலும் கோளாறு முதல் எட்டுலதான், ஒரு தடவை நடந்து கிளம்புவான், ஒரு தடவை குதிச்சுக் கிளம்புவான்.

ஏற்காடு_மூடுபனி:
எங்க மலை மேல சரிவு கிரவுண்டுல அந்த அளவு செல்லாதுங்க. இறக்கத்துல ஓடினா எட்டு தானா நீளும். ரெண்டு எண்டுக்கும் தனித்தனியா அளக்கணும்.

இரும்பாலை_எண்ட்:
ரன் அப் முதல்லன்னா ஒத்துக்கிறேன். ஆனா லெஃப்டி சொன்ன ஷூ கிரீஸ் மேலயே கிடந்தா பையன் ஷூவுக்குத்தான் யார்க்கர் போடுவான். பேட்ஸ்மேன் ஸ்டம்பு பக்கம் உள்ளே தள்ளி நின்னா அதே பந்து ஹாஃப் வாலி, குத்தி எழும்பும்போதே அடிச்சுடுவான். ஓவருக்கு ஒரு தடவை ஷூவை ரெண்டு அடி உள்ளே நகர்த்துங்க.

ஓமலூர்_லெஃப்டி:
அதை ரெண்டாவது வாரம் வெச்சுக்கலாம்ணா. முதல் வாரமே நகர்த்தினா ரெண்டு இடமும் பிடிபடாமப் போயிடும்.