மிமோசாவில் ஆரஞ்சுக்கு அடுத்து என்ன சேர்க்கலாம்?

தோட்டவீடு கேட்டது:
நாங்கள் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். வரும் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், வீட்டுத் தோட்டத்தில் இருபது நண்பர்களுக்குக் காலை உணவும் மதிய உணவும் ஒன்றாகச் சேர்ந்த பிரன்ச் விருந்து வைக்கவிருக்கிறோம். நுரைக்கும் ஒயினில் ஆரஞ்சுச் சாறு கலந்த வழக்கமான மிமோசாவுடன் வேறு மூன்று சுவைகளையும் வைக்க ஆசை. மாம்பழக் கூழ் சேர்த்த மிமோசாவை ஒரு விருந்தில் அருந்தினேன். கூழ் அடியில் தங்கிவிட, மேலே வெறும் நுரைதான் நின்றது. எந்தப் பழங்கள் பொருந்தும்? விலையுயர்ந்த ஷாம்பெயின் அவசியமா, எத்தனை பாட்டில்கள் வேண்டும்? மது அருந்தாத நண்பர்களும் வருவார்கள் என்பதால், அவர்களுக்கு என்ன தரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

திராட்சைக்கொடி:
ஷாம்பெயின் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஈஸ்ட் படிவின் மீது நெடுங்காலம் கிடந்து ஷாம்பெயின் பெறுகிற ரொட்டி மணம் பழச்சாற்றின் அடியில் மறைந்துபோகும். அதற்காகக் கொடுத்த பணமும் அதோடு போகும். ஸ்பெயினின் காவா, இத்தாலியின் ப்ரொசெக்கோ, உங்கள் மாநிலத்திலேயே தயாராகும் ஸ்பார்க்ளிங் ஒயின் ஆகியவற்றில் எதுவும் போதும். ஆனால் லேபிளில் 'ப்ரூட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரூட் வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகவே சர்க்கரை இருக்கும். 'எக்ஸ்ட்ரா டிரை' (மிகவும் இனிப்பற்றது) என்பது பெயருக்கு மாறாக அதைவிட இனிப்பானது, பழச்சாறும் சேர்ந்தால் திகட்டிவிடும்.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவுப்படி மிமோசாவுக்குச் சாறும் ஒயினும் 75 மில்லி வீதம் சரிபாதி. 1921இல் லண்டனின் பக்ஸ் கிளப்பில் பிறந்த பக்ஸ் ஃபிஸ் என்ற பானத்திலோ ஒரு பங்கு ஆரஞ்சுச் சாற்றுக்கு இரண்டு பங்கு ஷாம்பெயின். மெல்லிய சாறுகளுக்கு முதல் அளவையும், இனிப்பும் அடர்த்தியும் மிகுந்தவற்றுக்கு இரண்டாம் அளவையும் கொள்ளுங்கள். 750 மில்லி பாட்டிலில் சரிபாதி அளவில் பத்துக் கோப்பைகள் வரும். ஆளுக்கு இரண்டு என்றால் நான்கு பாட்டில்கள், கையிருப்பாக ஒன்றோ இரண்டோ கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சாறுபிழிவோர்:
பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இனிப்பைவிடப் புளிப்பையே முதலில் பார்க்க வேண்டும். புளிப்பில்லாத சாறு ஒயினோடு சேர்ந்ததும் சப்பென்று ஆகிவிடும். தர்பூசணி மிமோசா படத்தில் அழகாகவும் வாயில் வெறுமையாகவும் இருப்பது இதனால்தான்.

முதலில் ஆரஞ்சு. நேவல் ஆரஞ்சைப் பிழிந்து சில மணி நேரம் வைத்தால், அதிலுள்ள ஒரு சேர்மம் லிமோனினாக மாறிச் சாறு கசக்கத் தொடங்கும். ஆகவே முந்தைய இரவே பிழிந்து வைக்க எண்ணினால் வலென்சியா ஆரஞ்சை வாங்குங்கள். மே மாதத்தில் உங்கள் ஊரில் அது தாராளமாகக் கிடைக்கும். இரத்தச் சிவப்பு ஆரஞ்சு குளிர்காலப் பழம் என்பதால் அதை இப்போது தேட வேண்டாம்.

என் மற்ற மூன்று தேர்வுகளைச் சொல்கிறேன். இளஞ்சிவப்பு கிரேப்ஃப்ரூட் சாற்றில் ஒரு சிறு ரோஸ்மேரி கொத்தைப் போட்டால் அதன் கசப்புக்கு ஒரு மணத்துணை கிடைக்கும். அடுத்தது பாஷன் ஃப்ரூட். இதன் புளிப்பு கடுமையானது, எனவே கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மெக்சிகோ மக்களின் கடைகளில் ஹமைக்கா என்று விற்கப்படும் உலர்ந்த செந்நிறப் புல்லி இதழ்கள், நம் புளிச்சைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியினுடையவை. அவற்றை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, சர்க்கரையும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்துப் பாகாகக் காய்ச்சி ஆறவையுங்கள். கோப்பையில் ஒயினும் சிறிது ஆரஞ்சுச் சாறும் ஊற்றியபின் ஒரு கரண்டிப் பாகை ஓரமாக விட்டால், கனமான அது அடியில் இறங்கிச் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறும் நிறம் கிடைக்கும்.

மாம்பழத்தையும் கைவிட வேண்டியதில்லை. கூழின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு வாயு வெளியேறுவதால்தான் நுரை பொங்குகிறது. நல்ல சல்லடையில் வடிகட்டி, எலுமிச்சைச் சாறு விட்டு இளக்கி, ஒரு பங்கு கூழுக்கு இரண்டு பங்கு ஒயின் என்று கலந்து பாருங்கள். வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் ஜுசெப்பே சிப்ரியானி உருவாக்கிய பெல்லினியில் வெள்ளைப் பீச் கூழும் ப்ரொசெக்கோவும் இதே அளவில்தான் சேர்கின்றன.

மோர்ப்பந்தல்:
மது அருந்தாதவர்களைப் பற்றி நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பல விருந்துகளில் அவர்கள் கையில் வெறும் ஆரஞ்சுச் சாறு திணிக்கப்படுகிறது. அதே உயரக் கோப்பை, அதே பழங்கள், அதே அலங்காரம் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். மது நீக்கிய ஒயினில் அரை விழுக்காடு வரை ஆல்கஹால் இருக்கக்கூடும் என்பதால், சமய நெறிக்காகவோ கருவுற்றிருப்பதாலோ தவிர்ப்பவர்களுக்கு அது உகந்ததல்ல. வாயு ஏற்றிய வெள்ளைத் திராட்சைச் சாற்றைச் சோடாவோடு பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள்; மேலே சொன்ன ஹமைக்காச் செம்பாகு இதில் மிக நன்றாகப் பொருந்தும். குடுவைகளைத் தனி மேசையில் வைத்து, பெயர் எழுதி ஒட்டிவிட்டால் குழந்தைகளும் தவறி எடுக்க மாட்டார்கள்.

தோட்டவீடு:
அனைவருக்கும் நன்றி. வலென்சியா, கிரேப்ஃப்ரூட், செம்பாகு, மாம்பழம் என்று முடிவு செய்துவிட்டேன். வெயிலில் குளிர்ச்சி குறையாமலிருக்கப் பனிக்கட்டி போடலாமா? கோப்பையில் எதை முதலில் ஊற்றுவது?

திராட்சைக்கொடி:
கோப்பையில் பனிக்கட்டி வேண்டாம், பானம் நீர்த்துப்போகும். உறையவைத்த திராட்சையோ ராஸ்பெரியோ இரண்டு போடுங்கள். பாட்டில்களையும் சாறுகளையும் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பிய தொட்டியில் அமிழ்த்தி வையுங்கள். கோப்பையைச் சாய்த்து ஒயினை முதலில் மெதுவாக ஊற்றி, நுரை அடங்கியபின் சாற்றைச் சேருங்கள். சாறு கனமானது என்பதால் தானாகவே கலந்துகொள்ளும், கரண்டியால் கலக்கினால் வாயுதான் வெளியேறும். குடுவையில் மொத்தமாகக் கலந்து வைக்காமல், விருந்தினர் கேட்கும்போது ஒவ்வொன்றாகக் கலந்து கொடுங்கள்.