தெக்கோங்கோட ஃபுல் டே போட் ட்ரிப்: இன்னும் மனச விட்டுப் போகாத அந்த ஒரு நிமிஷம்

தெம்பனிஸ்காரன்

ட்ரிப் எப்படி இருக்கும்னு உங்க எல்லாருக்கும் தெரியும், காலைல ஏழு மணிக்கு சிங்கப்பூர் சாங்கில ஏறுனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு எறக்கி விடுவாங்க, ஐஸ் பெட்டி, இரைக்கு உயிர் இறால், தம்பான் மீனு எல்லாம் தெக்கோங்கே, அதான் போட்ட ஓட்டுறவரே, கொண்டு வந்துருவாரு, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். நானு, என் மச்சான், என் மக, அப்புறம் மச்சானோட ஆபீஸ் ஆளுங்க. உபின் தீவுக்குக் கிழக்கால கெலோங், அதான் கடல்ல கட்டுன மீன்பிடி மேடை, அதத் தாண்டி நங்கூரம் போட்டிருந்தாரு, ஃபோன் மலேசியா லைனுக்கும் நம்ம லைனுக்கும் மாறி மாறி குதிச்சிட்டு இருக்குமே அந்த எடம். காலைலேர்ந்து சின்னச் சின்ன செப்பிலி, கெளுத்தி, சொல்லிக்கிற அளவுக்கு ஒன்னுமில்ல.

மத்தியானம் தண்ணி நின்னு திரும்புற நேரம் மச்சான் ராடு வளைஞ்சுச்சு. ஓட்டமும் இல்ல ஆட்டமும் இல்ல, கீழ போய் அப்படியே ஒக்காந்துக்குச்சு. தெக்கோங் பாத்த ஒடனே "பாரி"ன்னாரு, மலாய்ல திருக்கை. மச்சானுக்கு ஒரே குஷி, அன்னைக்கி ராத்திரி சம்பல் போட்டு வாழை எலைல சுடுறதுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டான். ரொம்ப நேரம் இழுத்து மேல கொண்டு வந்தோம், நல்ல அகலமான திருக்கை, தெக்கோங் கொக்கிய வச்சு குத்தல, பெரிய வலைய விட்டுத் தூக்குனாரு. ஈரத் துண்ட வால் மேல போட்டு மிதிச்சுக்கிட்டு ப்ளையர எடுக்கக் குனிஞ்சாரு பாருங்க, அப்பத்தான் அது குட்டி போட ஆரம்பிச்சுச்சு.

தரையிலதான். நாங்க நின்ன எடத்துல. ஒன்னு வழுக்கிட்டு வந்து என் செருப்புக்கிட்ட நின்னுச்சு. ரெக்கை ரெண்டும் வெத்தலைய சுருட்டி வச்ச மாதிரி உள்பக்கமா மடிஞ்சிருந்துச்சு, ஒரு நொடி கழிச்சு மெதுவா விரிச்சுச்சு, அம்மாகிட்ட இருக்குற அதே நெறம், அதே கண்ணு, வால்ல அந்த முள்ளு கூட இருக்கு, ஆனா மேல மெத்துன்னு ஒரு உறை. என் மக அத ரெண்டு கையாலயும் தூக்கிட்டா. நான் கத்துறதுக்குள்ள தெக்கோங் "பரவால்ல, இது குத்தாது"ன்னு சைகை காட்டிட்டு, வாளில கடல் தண்ணி மொண்டு எல்லாத்தையும் அதுல போட்டு, யாரையும் ஒரு வார்த்த கேக்காம குட்டிங்களையும் தாயையும் பக்கவாட்டுல எறக்கி விட்டுட்டாரு.

மச்சான் கத்துனான் பாருங்க! காசு குடுத்தது யாரு, மீன் யாரோடதுன்னு. தெக்கோங் பதிலே சொல்லல, துண்ட அலசிப் பிழிஞ்சு காயப் போட்டுட்டு அடுத்த இறால மாட்டிக் குடுத்தாரு. நான் அவரு பக்கம்தான், அன்னைக்கும் இன்னைக்கும். மச்சான் இப்பவும் குடும்பத்துல எந்த விசேஷத்துல பாத்தாலும் அத ஆரம்பிச்சிருவான். எனக்கு மனசுல அரிக்கிறது ஒன்னுதான், அந்தக் குட்டிங்க பொழைச்சிருக்குமா? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

கெப்பல் மணி

குட்டி பத்தி எனக்குத் தெரியாது, ஆனா தெக்கோங் யாரையும் கேக்காம முடிவெடுத்தாருன்னு சொன்னீங்கல்ல, அதப் படிச்ச ஒடனே எனக்கு நடந்தத எழுதாம இருக்க முடியல.

தெற்குத் தீவுங்க பக்கம், செமாக்காவ் தாண்டி. காலைல ஒன்பது இருக்கும், தாலாங் மீன் கூட்டம் மேல வந்து தண்ணிய கொதிக்க விட்டுட்டு இருக்கு, போடப் போட அடிக்குது, ஆளுக்கு ஒன்னு மாட்டிக்கிட்டு கத்திக்கிட்டு இருக்கோம். தெக்கோங் மட்டும் மேற்கால பாத்துக்கிட்டே நிக்கிறாரு. அங்க ஒரு கருப்புக் கோடு, அவ்ளோதான், எங்க தலைக்கு மேல வெயில் கொளுத்துது. "எல்லாரும் லைன ஏத்துங்க, போறோம்"ன்னாரு. எங்க குரூப்புல ஒருத்தரு சண்டைக்கே போயிட்டாரு, இவ்ளோ தூரம் வந்து மீனு அடிக்கிறப்ப போறதான்னு.

நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சு. ரெண்டு தடவ எஞ்சின முன்னால விட்டு இழுத்துப் பாத்தாரு, வரல. கத்திய எடுத்தாரு, கயித்த ஒரே அறுப்பு. அந்த அறுந்த நுனி டெக்குல துள்ளி விழுந்தது இன்னும் கண்ணுல நிக்கிது. தீவுக்கு மறைவா போய் நிறுத்துறதுக்குள்ள காத்து வந்துருச்சு, அது சாதாரணக் காத்து இல்ல, சுமத்ரா பக்கமிருந்து திடீர்னு அடிக்கிற சூறக்காத்து, அதுக்குப் பேரே சுமத்ராதான். அவ்ளோ பெரிய பெரிய கப்பலுங்க நிக்குமே நங்கூரத் துறையில, ஒன்னு கூட கண்ணுக்குத் தெரியல, மழை வெள்ளையா செவரு கட்டிருச்சு. இடி கடல் மேலயே விழுகுது, எல்லாரும் கார்பன் ராட கீழ படுக்க வச்சிட்டு குந்தியிருக்கோம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு அடங்க.

சண்டை போட்டாரே அவரு கரைக்கு வந்ததும் அரை நாள் காசத் திருப்பிக் கேட்டாரு. நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாம் எவ்ளோன்னு தெக்கோங் வாயே தெறக்கல. நான் என் பங்க அவரு கையில வச்சு அமுக்கிட்டு வந்தேன், மத்தவங்க பெட்டியத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. எத்தனையோ பேரு உசுரக் காப்பாத்துன மனுஷன் முன்னாடி அப்படி நடந்துக்கிட்டாங்கன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலைலயோ காலைலயோ இது வரத்தான் செய்யும். போறவங்க முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

ஜூரோங் ராசா

தெம்பனிஸ் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மச்சான் கேட்டதுல ஞாயம் இருக்கு. ஹாக்கர் சென்டர்ல சம்பல் திருக்கை சாப்பிடாதவங்க யாரு இங்க? அதெல்லாம் எங்கேர்ந்து வருது? கடைல வாங்கித் தின்னா சரி, நாமளா புடிச்சா பாவமா? இந்த விட்டுர்றது, ஃபோட்டோ எடுத்துட்டு முத்தம் குடுத்து அனுப்புறது எல்லாம் எனக்குப் புடிக்கவே புடிக்காது. அதுக்கு வாய்ல ஓட்டை போடாமலே இருக்கலாமே.

நான் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு கொடுவா புடிச்சேன், பண்ணை வலையிலேர்ந்து தப்பிச்சதா கடல்லயே வளந்ததா தெரியாது, என் மக இடுப்பு ஒசரத்துக்கு இருந்துச்சு. தெக்கோங் "விடுறியா"ன்னு கேட்டாரு, இல்லன்னேன். எங்கம்மா அந்தத் தலைய மட்டும் தனியா புளி ஊத்தி வச்சாங்க, அப்பா போனதுக்கு அப்பறம் அவங்க ரெண்டாவது தடவ சோறு கேட்டு வாங்குனது அன்னைக்கித்தான். அத விட எனக்கு எந்த ஃபோட்டோவும் பெரிசில்ல.

உட்லண்ட்ஸ் வாணி

ராசா தம்பி, அம்மா சாப்பிட்டது சந்தோஷம், அத யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா எல்லா மீனும் ஒன்னு இல்லப்பா. கொடுவா பொறக்குறப்ப ஆணு, வளந்து ஒரு மீட்டர் நெருங்கும்போது பொண்ணா மாறும், அதனால பெரிய கொடுவா எல்லாம் முட்டை போடுற தாய். களவாவுல அப்படியே தலைகீழ், சின்னதுல பொண்ணு, பெரிசானா ஆணு. அந்தப் பெருசுங்கள மட்டுமே பொறுக்கி எடுத்துட்டே இருந்தா அடுத்து எங்கேர்ந்து வரும்? கொடுவாவாவது லட்சக்கணக்குல முட்டை போடும். திருக்கை அப்படியா? வயித்துக்குள்ளயே வச்சு, உள்ளயே ஒரு பால் சுரந்து ஊட்டி வளத்து, ஒரு ஈத்துக்கு கைவிரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் குட்டி. புடிச்சு மேல தூக்குறப்ப அந்த அதிர்ச்சியிலயே குட்டிய வெளிய விட்டுரும், அதான் தெம்பனிஸ் தம்பி பாத்தது. ரெக்கை விரிச்சுச்சு, உருவம் நெறம் முழுசா இருந்துச்சுன்னா மாசம் நெறஞ்ச குட்டி, பொழைக்க வாய்ப்பு உண்டு. மஞ்சக்கரு பை தொங்கிட்டு இருந்தா அது கஷ்டம்.

எனக்கு நடந்தது சின்னதுதான். சாங்கிக்கு வெளிய ஒரு ஷவல்நோஸ், திருக்கை ஜாதிதான், நம்ம ஊருல உழுவைம்பாங்க, போட்டு ஓரம் வரைக்கும் வந்துச்சு, அதோட மூக்கு, கண்ணாடி கணக்கா தெளிஞ்சு அப்படியே ஒளி ஊடுருவுது, தெக்கோங் தண்ணியிலயே வச்சு லைன வெட்டுனாரு. உழுவை இனங்கள்ல பலதும் அழிவோட வாசல்ல நிக்கிது, 2019ல சைட்டிஸ்ங்கிற உலக வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க, அத அவரு படிச்சிருப்பாரான்னு தெரியல, ஆனா வெட்டுனாரு.

இப்ப புதுசா போறவங்களுக்குச் சில விஷயம் சொல்லிர்றேன். தேதி எடுக்கும்போது லீவு நாளப் பாக்காதீங்க, நாள்காட்டில அமாவாசை பௌர்ணமியப் பாருங்க. அத ஒட்டி ரெண்டு மூணு நாள் தண்ணி ஏத்த வத்தம் ரொம்பப் பெரிசு, நீரோட்டம் இழுக்குற இழுப்புல தெற்குத் தீவு பக்கம் ஈயம் அடியில நிக்காது, லைன் எல்லாம் பின்னிக்கும், பாதி நாள் சிக்கெடுக்கத்தான் சரியா இருக்கும். அஷ்டமிய ஒட்டிப் போங்க, தண்ணி சாந்தமா இருக்கும், புதுசா போறவங்க கையிலயும் மீனு நிக்கும். சிஸ்டர்ஸ் தீவு மரீன் பார்க்குல தூண்டில் போடக் கூடாது, செக் ஜாவாலயும் கூடாது, சூடோங், பாவாய், செனாங் பக்கம் ராணுவம் சுடுற எடம், கிட்டவே போகக் கூடாது, நல்ல தெக்கோங்கா இருந்தா அவரே சொல்லுவாரு, சொல்லலன்னா அடுத்த தடவ வேற ஆளப் பாருங்க. சர்க்கிள் ஹூக் போடுங்க, வாயோரத்துல மாட்டும், முழுங்காது, விடுறதா இருந்தா மீனு பொழைக்கும். புள்ளைங்களக் கூட்டிட்டுப் போனா லைஃப் ஜாக்கெட் அவங்க சைஸ்ல இருக்கான்னு மொத நாளே ஃபோன் போட்டுக் கேளுங்க, பெரியவங்களோடத மாட்டி விட்டா தண்ணியில விழுந்ததும் தலை வழியா கழண்டுரும்.

தொண்டிக்காரன்

வணக்கம். நான் இங்க ஷிப்யார்டுல வேல பாக்குறேன். சூப்பர்வைசர் அண்ணன் தம் பிறந்தநாளுக்கு எங்க ரூம் பசங்களக் கூட்டிட்டுப் போனாரு. ராசா அண்ணன் சொல்றது எனக்குப் புரியுது, எங்க ஊருல திருக்கை கெடைச்சா விட மாட்டோம், பிள்ளை பெத்தவளுக்குப் புட்டு அவிச்சுக் குடுப்பாங்க. ஆனா அது பொழப்புக்குப் போறது, இது காசு குடுத்து ஆசைக்குப் போறது. ரெண்டையும் ஒன்னா வச்சுப் பேசக் கூடாதுன்னு தோணுது.

தெக்கோங் வயசான மலாய்க்காரரு. நாங்க எல்லாரும் அவர பாக்சிக்னு, அதான் மலாய்ல மாமான்னு, கூப்டோம். காலைலேர்ந்து மீனே இல்ல, எல்லார் லைனும் போட்டுக்கு அடியில போய்க்கிட்டே இருக்கு. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு, காத்து மேற்காலேர்ந்து வர்ற கச்சான், நீவாடு, அதான் நீரோட்டம், அதுக்கு எதுத்தாப்புல திரும்பிருச்சு, போட்டு குறுக்க நிக்கிது. எனக்கு மலாய் வராது, அவருக்குத் தமிழ் வராது. கையாலயே நங்கூரக் கயித்தக் காட்டி, பின்பக்கம் காட்டி, தண்ணியக் காட்டுனேன். அவரு என்னயப் பாத்தாரு, தண்ணியப் பாத்தாரு, ஒன்னுமே சொல்லாம எந்திரிச்சுப் போய்க் கயித்த மாத்திக் கட்டுனாரு. லைன் எல்லாம் நேராச்சு. கொஞ்ச நேரத்துல பாறை மீனும் செப்பிலியும் ஏற ஆரம்பிச்சுச்சு.

அப்பறம் அவரு பெட்டியத் தெறந்து தன்னோட கைத்தூண்டிய எடுத்து என் கையில குடுத்தாரு. பழைய மரக்கட்டையில சுத்துனது, நரம்பு ஓடி ஓடி கட்டையில பள்ளம் விழுந்திருந்துச்சு. "நெலாயன்?"னு கேட்டாரு, மீனவனான்னு. "அப்பா நெலாயன்"னேன். "அப்ப நீ?"ன்னு என் நெஞ்சத் தொட்டுக் கேட்டாரு. எங்க வீட்டுப் போட்ட எல்லை தாண்டிட்டதா இலங்கைக்காரங்க புடிச்சுட்டுப் போனதையும், கடன் அடைக்க நான் பிளேன் ஏறுனதையும் சைகையில எப்படிச் சொல்றது? சிரிச்சேன். அவரு ஜிபிஎஸ் பக்கம் கையக் காட்டி, திரையில ஜொகூர் பக்கம் ஓடுற கோட்டத் தொட்டு, கைய இல்லன்னு ஆட்டுனாரு. அந்தப் பக்கம் போனா அவங்களும் புடிப்பாங்கன்னு. எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில இப்ப மலாய்ல படிச்சுக்கிட்டு இருக்கேன், அடுத்த தடவ போனா சொல்லணும்.

பிடோக் ஜெட்டி பாய்

தொண்டி தம்பி எழுதுனதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒன்னும் ஓடல. எங்க ப்ளாக்குக்கு வாங்க தம்பி, சாப்பாடு போடுறோம்.

வாணி அக்கா அவ்ளோ சொன்னீங்க, குத்து வாங்குனா என்ன பண்றதுன்னு சொல்லலியே! தெம்பனிஸ் அண்ணன் மக கையில குட்டியத் தூக்குனாங்கன்னு படிச்சப்ப எனக்கு ஒடம்பு பதறிருச்சு. குட்டிக்கு உறை இருக்கும், சரி, ஆனா பெருச அப்படித் தொட்டுறாதீங்க. என்னைய குத்துனது திருக்கை இல்ல, செம்பிலாங், அதான் இருங்கெளுத்தி, கொக்கிய கழட்டும்போது பக்கத்து முள்ளு கட்டைவெரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல ஏறிருச்சு. வலி தோளு வரைக்கும் போகுது, வேர்த்து ஊத்துது, கூட வந்தவங்க ஐஸ்ல கைய வைன்னு ஐஸ் பெட்டிய இழுத்துட்டு வராங்க. தெக்கோங் ஓடி வந்து ஐஸ் பெட்டிய காலால தள்ளிட்டு, தன் பைலேர்ந்து பிளாஸ்க எடுத்தாரு. மத்தியானம் மெகி நூடுல்ஸ் போட வச்சிருந்த சுடுதண்ணி. பாத்திரத்துல ஊத்தி, கொஞ்சம் பச்சத்தண்ணி கலந்து, மொதல்ல தன் கைய விட்டுப் பாத்தாரு, அப்பறம்தான் என் கைய முக்குனாரு. அந்த விஷம் சூட்டுக்கு ஒடையும், ஐஸுக்கு ஒடையாது. கொஞ்ச நேரத்துல வலி எறங்க ஆரம்பிச்சுச்சு, ஆறிட்டா மறுபடியும் ஊத்துவாரு, அப்படியே கரைக்கு வர்ற வரைக்கும்.

கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, குத்துன கை மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது, வெந்துரும். நல்ல கைய விட்டுப் பாத்து, பொறுக்குற சூடு, சுமார் 45 டிகிரி வரைக்கும் போதும், வலி எறங்குற வரைக்கும் வைங்க. உள்ள முள்ளு ஒடஞ்சு நின்னுட்டா, இல்ல நெஞ்சு கழுத்து வயித்துல குத்துனா முள்ள புடுங்காதீங்க, கரைக்கு வரும்போதே ஆம்புலன்ஸுக்கு 995ல அடிச்சிருங்க. சின்ன குத்தா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டி டெட்டனஸ் ஊசி போட்டுக்கங்க, முள்ளுத் துண்டு உள்ள இருந்தா எக்ஸ்ரேயிலதான் தெரியும்.

அன்னைக்கி அவரு மெகிய நொறுக்கி அப்படியே கடிச்சுத் தின்னுட்டு போட்ட ஓட்டுனாரு. இப்ப போட்ட வித்துட்டாருன்னு சொல்றாங்க. சாங்கி பக்கம் பழைய தெக்கோங்குங்களோட பழக்கம் உள்ளவங்க இருந்தா சொல்லுங்க, அவரப் பாக்கணும்.