வரிசையில் நின்று காற்றில் குத்திப் பழகுவது குமித்தேக்கு (எதிராளியோடு மோதும் கராத்தே சண்டைக்கு) உதவுமா?

கல்லடிப் பொடியன்:
மட்டக்களப்பில் கராத்தே படிக்கிறேன், பச்சை பெல்ட். வகுப்பில் முக்கால்வாசி நேரம் கிஹோன், அதாவது அடிப்படைப் பயிற்சிதான். வரிசையாக நின்று கியாகு சுகி (பின்கைக் குத்து), அகே உகே (மேல் தடுப்பு), மே கேரி (முன் உதை) என்று மண்டபத்தின் அந்த முனை வரை போய், கிறுகித் திரும்பி வருவோம். கண்ணாடி முன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. குமித்தேயில் எதிரே ஆள் நின்றதும் கை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது, கால் அசைய மாட்டேன் என்கிறது. மாஸ்டர் "அடிப்படை போதாது, இன்னும் செய்" என்கிறார். செய்துகொண்டே இருந்தால் வந்துவிடுமா அண்ணாமார்?

கல்முனை கராத்தே:
தம்பி, மாஸ்டர் சொல்வதில் பாதி சரி. பின்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அந்தப் பலத்தைக் கைக்குக் கொண்டுவருவதைக் கிஹோனில்தான் திருத்த முடியும், சண்டைக்குள் அதற்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். ஆனால் காற்றில் குத்தும்போது தூரம் என்று ஒன்று இல்லை, எப்போது குத்துவது என்பதையும் மாஸ்டர் "இச்சி, நி, சான்" (ஒன்று, இரண்டு, மூன்று) என்று எண்ணுவதுதான் சொல்கிறது. குமித்தேயில் யார் எண்ணுவார்கள்? எதிராளியின் முன்கால் நகர்வதைப் பார்த்துத்தான் குத்த வேண்டும். அந்தக் கண் தனியாகப் பழகி வராது.

நண்பன் ஒருவன் பேட் (குத்து வாங்கும் மெத்தை) பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கட்டும், சொல்லாமல் கொள்ளாமல் தூக்கட்டும், தூக்கினால் மட்டும் குத்து. கியாகு சுகி ஒன்றே போதும். குத்திய கை உடனே முகத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

அம்பாறை ஜூடோ:
எங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. உச்சிகோமி என்றால் எறியாமல் உள்ளே நுழைந்து நுழைந்து வெளியே வருவது. இணையாள் அசையாமல் நின்று கொடுத்தால் எவ்வளவு செய்தாலும் ரண்டோரியில் (ஜூடோவின் கட்டற்ற மோதல் பயிற்சியில்) கைகொடுக்காது, ஏனென்றால் எறியுமுன் அவனது சமநிலையைக் குலைக்க வேண்டும், சும்மா நிற்கிறவனிடம் அதைப் பழக முடியாது. 1882இல் கொடோகான் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ ஆபத்தான அடிகளைக் கட்டாவுக்கு (முன்பே வகுத்த அசைவுகளை அப்படியே செய்யும் பயிற்சிக்கு) ஒதுக்கிவிட்டு, மற்றதை எதிர்க்கும் ஆளோடு ரண்டோரியில் பழக வைத்தார். ஆகவே நடந்துகொண்டே உச்சிகோமி செய்யுங்கள் என்பேன்.

காரைதீவுச் சிலம்படி:
தனியாகப் பழகுவதை இவ்வளவு குறைத்துப் பேச வேண்டாம். எங்கள் அண்ணாவியார் காலடி பிடிபடும் வரை எதிரே ஆளை விடவே மாட்டார். மணிக்கட்டு பழகாதவன் கம்பு வீசினால் தன் முழங்காலில் விழும், இல்லையென்றால் எதிரே நிற்பவன் கண்ணில். மறுகா ஜோடி போட்டாலும், ஒருவன் தலைக்கு வீச மற்றவன் மறிப்பது என்று மெதுவாகத்தான் தொடங்குவோம். தம்பி, கை ஒட்டிக்கொள்வது பயத்தால். கையுறை போட்டு, நண்பன் மெதுவாகக் குத்தட்டும், நீ தடுக்க மட்டும் செய். அடி வருவதைக் கண் பார்த்துப் பழகட்டும், வேகம் பிறகு கூட்டலாம்.

கல்லடிப் பொடியன்:
நன்றி அண்ணாமார். பேட் பிடிக்க ஆள் இருக்கிறான். கடற்கரை மணலில் செய்யலாமா?

கல்முனை கராத்தே:
காலுக்குப் பலம் வரும், ஆனால் மணலில் கால் புதைந்து தூரம் பிசகும். பேடுக்குச் சமமான தரை பார்.